அசைவுப் பிழை

என் பெயர் பனிமயம்.
பனியைக் கண்ணால் காண
முப்பத்தெட்டு வருஷமும்
யார்டு ஆபீஸிலிருந்து ஒரு டிரைனிங் ஆர்டரும்
வேண்டியிருந்தது.

குன்னூரில் இறங்கியதும்
இசக்கிமுத்துவின் பற்கள்
சிப்பிங் சுத்தியலாய்த் தட்டின.
தூத்துக்குடியிலிருந்து பதினொரு பேர்,
பதினொரு வெல்டிங் முகமூடி.
அவை பையிலேயே இருக்கட்டும் என்றார்கள்.

முன்பு தேயிலை வாட்டிய மாடி.
தொட்டிகளை எடுத்துவிட்டு மேசை போட்டிருந்தார்கள்.
பலகைகளில் இன்னும் பச்சை வாசம்.
கப்பல் கட்டுகிறவர்களுக்கு
கடலுக்கு ஆறாயிரம் அடி மேலே எதற்கு வகுப்பு என்றேன்.
"வாடகை கம்மி அக்கா" என்றாள் ஹேமாவதி.
இருபத்தாறு வயது. கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி.
கப்பல் பார்த்திருக்கிறாயா?
"போட்டோவில்."
பொய் சொல்லாத வாத்தியார்.

கண்ணுக்கு ஒரு பெட்டியைக் கட்டினாள்.
கையில் டார்ச், எடை அச்சு அசல்,
வயர் ஓடும் துடிப்புகூட இருந்தது.
சூடு இல்லை. புகை இல்லை.
சட்டைக்குள் இறங்கித் தோலைத் தேடும் பொறி இல்லை.
உருகிய இரும்பின் குளம் மட்டும்
யாரையும் சுடாமல் தளதளத்தது.

ஹமீது எழுபது.
டார்ச்சே பிடித்தறியாத ஸ்டோர் லூர்து எழுபத்தாறு.
பத்தொன்பது வருஷ வெல்டர் நான்
நாற்பத்தொன்று.
திரையில் சிவப்பு எழுத்து: அசைவுப் பிழை.
"கை நடுங்குதுக்கா, சுகர் பார்த்தீங்களா?"

என் கை நடுங்கினால்
மூன்று இழுவைப் படகுகள் இந்நேரம்
மீனுக்கு வீடாகியிருக்கும்.
சொல்லவில்லை.
மறுநாள் நாற்பத்துநான்கு. அதற்கடுத்த நாள் முப்பத்தொன்பது.

நான்காம் இரவு, இரண்டு கம்பளிக்குள்,
பகலெல்லாம் வராத பொறி
தட்டியது.

எனக்கு வேலை தண்ணீர்க்கோட்டில்.
கப்பலின் விலாவை ஒட்டி மிதவை, மிதவைமேல் நான்.
அலை நான்கு விரற்கடை தூக்கினால்
கை நான்கு விரற்கடை தாழும்.
அலை இறங்கினால் கை ஏறும்.
நான் சொல்லிச் செய்வதில்லை;
மூச்சு விடச் சொல்லியா விடுகிறோம்?
இங்கே மலை அசையவில்லை.
என் கைதான்
இல்லாத கடலுக்கு
ஈடு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

விடிந்ததும் ஹேமாவதியிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை. பட்டியலைத் திறந்தாள்.
காற்று இருந்தது. ஈரம், துரு, தகட்டின் கனம்,
குறைந்த வெளிச்சம், எல்லாம் இருந்தன.
அலை இல்லை.

"ஸ்டூலைப் பிடி" என்றான் இசக்கிமுத்து.
ஒரு பக்கம் அவன், மறுபக்கம் ஹமீது.
தூங்க மறுக்கும் பிள்ளையை ஆட்டுவதுபோல்
என்னைத் தூக்கி இறக்கினார்கள்.
லூர்து "ஏலேலோ" என்று ஆரம்பித்து
ஒரு முறைப்பில் நிறுத்திக்கொண்டான்.

தொண்ணூற்று மூன்று.

ஹேமாவதி நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள்:
"ஒரு அலைக்கு எத்தனை வினாடி?"
கச்சானில் நாலு எண்ணுவதற்குள்.
வாடையில் ஏழு.
பெரிய கப்பல் ஒன்று கடந்து போனால் கணக்கே கிடையாது.
எழுதிக்கொண்டாள்.
கணக்கே கிடையாது என்பதையும்.

ஆனால் தேர்வு விதியில் ஸ்டூல் ஆட்ட இடமில்லை.
பதினைந்து நாள்
கையை மலைக்குப் பழக்கினேன்.
கீழ்த்தளத்து ரோபோ
எட்டு போல்ட்டில் தரையோடு இறுகி நிற்கும்.
அதன் பக்கத்தில் நின்று அதைப்போலவே நின்று பார்த்தேன்.
எழுபத்தெட்டு. எழுபத்தைந்துக்குத் தேர்ச்சி.
சந்தோஷந்தான்,
இடதுகையால் சோறு உண்ட சந்தோஷம்.

இறங்குகிற பஸ்ஸில்
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும்
மொத்தப் பேரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள்.
இசக்கிமுத்து பாலித்தீன் பைக்குள் முகம் புதைத்திருந்தான்.
என் மடியில் விறைப்பான சான்றிதழ் உறை,
உறைமேல் ஹேமாவதி கொடுத்த டீ,
விளிம்புவரை.

பர்லியாறில் போன் ஒலித்தது:
"அக்கா, வாடைக்கு ஏழா, ஏழரையா?"

கை காலியில்லை.
மேட்டுப்பாளையம் போய் எழுதிக்கொள்ளலாம்.